மேற்குக் கொட்டகைத் தண்ணீர்

கம்பிவலையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது துருப்பிடித்த தகரம் ஒன்று பண்ணைக்காரரின் காலைக் கிழித்தது. முழங்காலுக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. இதற்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனால் சிரிப்பார்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு அன்று சாயங்காலமே கொட்டகைக்குள் இறங்கி, கோழி எச்சத்தோடு ஊறிக்கிடந்த ஈர உமியை வாரி வெளியே கொட்டினார். அந்த வாரக் கடைசியில் காய்ச்சல் வந்தது. கால் வீங்கிப் பளபளத்தது. மனைவியும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோதுகூட, ரெண்டு ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள், வண்டியை அணைக்காமலே வை என்று தம்பியிடம் வேடிக்கை பேசினார்.

ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்குவதுபோல் இறங்கி மறுபடி ஏறியது. மருந்தை மாற்றினார்கள், அதையும் மாற்றினார்கள். காலில் சிவப்பு மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. புண்ணிலிருந்து எடுத்த சீழைப் பரிசோதித்த முடிவோடு டாக்டர் வார்டுக்கு வந்தார். இளவயசுக்காரர், தூக்கமில்லாத கண்கள். வீட்டில் என்ன தொழில் என்று கேட்டார். கோழிப்பண்ணை என்றாள் மனைவி. கோழிகளுக்கு மருந்து கொடுப்பதுண்டா என்று கேட்டார். பேரெல்லாம் தம்பிக்குத்தான் தெரியும் என்று அவள் திரும்பிப் பார்த்தாள்.

தம்பி முன்னால் வந்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது மாதிரி, தண்ணீரில் கலக்கும் ஆன்டிபயாடிக்குகளின் பெயர்களை அளவோடு சொன்னான். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஒரு பெயரைக் கேட்டதும் டாக்டர் தலையை நிமிர்த்தினார். அந்த மருந்துக்கும் அதன் பங்காளி மருந்துகளுக்கும் இந்தக் காலில் இருக்கிற கிருமி மசியவில்லை என்றார். படுக்கையில் கிடந்தவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. சில நாட்களில் பண்ணைக்காரர் இறந்துபோனார்.

அவர் மனைவியை அந்தப் பக்கத்தில் எல்லோரும் அண்ணி என்றே கூப்பிட்டார்கள். கொழுந்தன் கூப்பிட்டதைக் கேட்டு ஓரகத்தி கூப்பிட, அதைக் கேட்டுத் தீவன வண்டி ஓட்டும் கிழவரும் கூப்பிட ஆரம்பித்து, வேறு பெயர் இல்லாமலே போனது. கொழுந்தனுக்குக் கம்பவுண்டர் என்று பெயர். வைத்தது அண்ணன்தான். கோழி தும்மினால் ஒன்று, கழிந்தால் ஒன்று, மழை வரும்போல் இருந்தால் முன்கூட்டியே ஒன்று என்று எதற்கும் ஒரு மருந்து அவன் கைவசம் இருந்தது. குஞ்சுகள் வந்து இறங்கிய அன்றே, நோய் இருக்கிறதோ இல்லையோ, தொட்டித் தண்ணீரில் மருந்து விழுந்துவிடும். பண்ணையில் கோழி சாகாமல் இருப்பது தன் கையால் என்று அவன் நம்பினான். அண்ணனும் அப்படித்தான் நாலு பேரிடம் சொல்லுவார்.

அண்ணன் போன பிறகு கொட்டகைகள் இரண்டும் காலியாகக் கிடந்தன. ஒருநாள் காலை, கம்பவுண்டரும் அவன் மனைவியும் சமையலறையில் இருக்கும்போது அண்ணி வந்து நின்றாள். அடுத்த பேட்ச் குஞ்சு எடுக்கலாம், ஆனால் தண்ணீரில் மருந்து வேண்டாம் என்றாள். கம்பவுண்டர் குடித்துக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தான். ஆஸ்பத்திரி வார்டில் டாக்டர் தலை நிமிர்ந்ததை அண்ணியும் கம்பவுண்டரும் பார்த்திருந்தார்கள். அதைப் பற்றி அதுவரை ஒருவரிடம் ஒருவர் பேசியதில்லை. அப்போதும் பேசவில்லை.

கால்நடை மருத்துவமனையிலிருந்து டாக்டரம்மா வந்தார். ரப்பர் பூட்ஸும் பெரிய பையுமாக வந்து, முதலில் இரண்டு கொட்டகைகளையும் மூலை மூலையாகப் பார்த்தார். தண்ணீர்க் குழாயின் முனையைக் கழற்றி உள்ளே விரலை விட்டு, கொழகொழவென்று ஒட்டியதை எடுத்துக் காட்டினார். இதையெல்லாம் சுத்தம் செய்யாமல் எதைக் கொடுத்தும் பிரயோசனமில்லை என்றார். பிறகு புரோபயாடிக் பொடியைப் பற்றிச் சொன்னார். தயிரில் இருப்பதுபோல உயிருள்ள நல்ல கிருமிகள். குஞ்சு வந்த அன்றிலிருந்து தண்ணீரில் கலந்து கொடுக்கவேண்டும்.

"பொரிஞ்சு வந்த குஞ்சோட குடல் காலி பஸ் மாதிரி. யாரு முதல்ல ஏறுறாங்களோ அவங்கதான் உக்காருவாங்க. நம்ம ஆளுங்களை முன்னாடியே ஏத்தி, எல்லா சீட்டுலயும் துண்டு போட வச்சிட்டோம்னா, கெட்டது ஏறினாலும் இடம் கிடைக்காம நின்னுக்கிட்டே வந்து இறங்கிப் போயிடும்."

"கண்டக்டர் யாரு டாக்டரம்மா?" என்று கேட்டான் கம்பவுண்டர்.

"நீங்கதான்."

பண்ணைக்காரர் இறந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அண்ணிகூடச் சிரித்தாள். டாக்டரம்மா மட்டும் சிரிப்பை முடித்துக்கொண்டு, இதில் மாயமந்திரம் எதுவும் இல்லை என்றார். குஞ்சு சாகவே சாகாது என்று நினைக்காதீர்கள். நோய் வந்துவிட்டால் நானே பார்த்து மருந்து தருவேன், சொன்ன நாள்வரைக்கும் கொடுக்கலாம். நோயே இல்லாதபோது கொடுப்பதைத்தான் விடச் சொல்கிறேன். பொடி கலந்த தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது, ஆன்டிபயாடிக் விழவே கூடாது. விழுந்தால் அது நம் ஆட்களைத்தான் முதலில் தள்ளிவிடும். மருந்துக்கு மசியாத கெட்டது மட்டும் பஸ்ஸில் வசதியாக உட்கார்ந்திருக்கும்.

குழாய்களைக் கழுவினார்கள். தரைக்குச் சுண்ணாம்பு அடித்து, புது உமி பரப்பினார்கள். குஞ்சுகள் அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கின. ஒவ்வொன்றையும் கையிலெடுத்து அலகைத் தண்ணீரில் தொட்டுவிட்டு சூடு தரும் ப்ரூடர் விளக்கின் கீழே விட்டார்கள். கிழக்குக் கொட்டகை அண்ணிக்கு, மேற்கு கம்பவுண்டருக்கு என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். காலையில் அண்ணி பொடியைக் கரைக்கும்போது வாளியிலிருந்து லேசான புளிப்பு வாசனை வரும். முதல் நாள் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தாள். தண்ணீர் கலந்த மோர்போல இருந்தது.

கிழக்குக் கொட்டகையில் முதல் வாரத்திலேயே குஞ்சுகள் சாக ஆரம்பித்தன. தினமும் காலையில் ஓரங்களில் சில விறைத்துக் கிடந்தன. அண்ணி அவற்றைப் பொறுக்கிப் பின்பக்கக் குழியில் போட்டாள். ஓரகத்தி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, நம்ம மருந்தே தேவலை போலிருக்கே என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேற்கில் அவ்வளவு சாவில்லை. கம்பவுண்டரின் கைராசி என்று தீவன வண்டிக் கிழவர் சொன்னார். கம்பவுண்டர் மூட்டைகளை இறக்கினான்.

டாக்டரம்மா வந்து கிழக்கில் செத்த குஞ்சுகளை அறுத்துப் பார்த்தார். பெரும்பாலும் தொப்புள் வழியாக வந்த கிருமி, பொரிக்கும்போதே ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், தாக்குப்பிடியுங்கள் என்றார். உமி ஈரமாகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அண்ணி தாக்குப்பிடித்தாள். சாவு குறைந்து, பிறகு ஏறக்குறைய நின்றது. மிச்சமிருந்த குஞ்சுகள் இறகு முளைத்து, காலடிச் சத்தம் கேட்டாலே தீவனத்தட்டைச் சுற்றிக் கூடின. எச்சம் கெட்டியாக விழுந்தது. வாழ்க்கையில் ஒரு மனுஷி கோழி எச்சத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டியிருக்கிறதே என்று அண்ணி ஓரகத்தியிடம் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் மேற்கில் ஆரம்பித்தது. கோழிகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கி நின்றன. மூச்சு விடும்போது கரகரவென்று சத்தம் வந்தது. காலையில் எண்ணி முடித்துத் திரும்பினால் இன்னொன்று சாய்ந்திருக்கும். டாக்டரம்மா வாசலிலேயே ஒரு கோழியை அறுத்தார். ஈரல்மேலும் இதயத்தின்மேலும் வெண்ணெய்போல ஒரு படலம் மூடியிருந்தது. அவர் அதைக் கத்தி நுனியால் தூக்கிப் பார்த்தார். ஒரே குஞ்சு, ஒரே பொடி, ஒரே தீவனம். அந்தப் பக்கம் இப்படி இல்லையே என்றார். பொடியைத் தினமும் கலந்தீர்களா? கலந்தேன் என்றான் கம்பவுண்டர். தண்ணீரில் குளோரின்? இல்லை என்றான். இரண்டும் உண்மைதான். அவர் ஈரலில் ஒரு துண்டை ஆய்வகத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்.

அன்று மதியம் கம்பவுண்டர் தீவனம் எடுக்கப் போயிருந்தான். செத்த கோழிகளைப் பின்பக்கக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவிவிட்டுத் திரும்பிய அண்ணி, கை கழுவுவதற்காக மேற்குக் கொட்டகைத் தொட்டியின் குழாயைத் திறந்தாள். தண்ணீர் விழுந்தது. புளிப்பு வாசனையோடு வேறொரு நெடியும் வந்தது. அவள் வேறு குழாயில் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, ஒரு சொட்டைப் பிடித்து நாக்கில் வைத்தாள்.

கசந்தது. அந்தக் கசப்பு அவளுக்குத் தெரியும். எத்தனையோ வருஷம், வாளியில் மருந்து கலக்கும்போது தெறித்து உதட்டில் பட்ட கசப்பு.

அவள் தொட்டிக்குக் கீழே ஒரு காலி மூட்டையின்மேல் உட்கார்ந்தாள். உள்ளே கோழிகள் கரகரத்துக்கொண்டிருந்தன. வந்தவுடன் கேட்கவேண்டியவை என்று ஒவ்வொரு வார்த்தையாக மனசுக்குள் அடுக்கிவைத்தாள். உன் அண்ணன் உயிர் போனது போதாதா என்பதுதான் முதல் வார்த்தை.

கம்பவுண்டர் மூட்டையோடு வந்து, அவள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"தொட்டில என்ன ஊத்தின?"

அவன் பொய் சொல்லவில்லை. மூட்டையை மெதுவாக இறக்கினான். "பழசுதான் அண்ணி."

"எப்பலேருந்து?"

"குஞ்சு வந்ததுலேருந்தே. பொடியையும் கலந்தேன். இதையும் ஊத்தினேன்."

"அந்தம்மா அவ்வளவு தூரம் சொல்லிட்டுப் போனாங்களே. பயமா?"

முதல் நாள் பயம்தான் என்றான். பிறகு பயமில்லை என்றான். கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல், உள்ளே கோழிகளைப் பார்த்தபடி பேசினான்.

"இந்தப் பொடி பலிச்சிடக் கூடாதுன்னு நெனச்சேன். மருந்தே இல்லாம கோழி வளருதுன்னு ஆயிடுச்சுன்னா, நான் இத்தனை வருஷம் ஊத்தினது எதுக்கு? ஒண்ணுக்கும் இல்லாததை ஊத்தி ஊத்தி, அந்தக் கிருமியை வளர்த்து, அண்ணன் கால்ல ஏத்திவிட்டது நான்தான்னு ஆயிடும். தேவைப்பட்டுச்சு, அதனாலதான் ஊத்தினேன்னு இருந்தாலாவது… அதையாவது வச்சுக்கிட்டு இருக்கலாம்னு பார்த்தேன்."

அண்ணி அடுக்கிவைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் வெளியே வரவில்லை. இந்த மனுஷன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் இதைத் தூக்கிக்கொண்டா ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான் என்று நினைத்தாள். அதே சமயம் அவளுக்குக் கோபமும் போகவில்லை. பின்பக்கக் குழியில் சுண்ணாம்புக்கு அடியில் கிடந்தவை அவள் கையால் போட்டவை.

"ஊத்தினது நீ," என்றாள். "வாங்கிட்டு வரச் சொன்னது உங்கண்ணன். பக்கத்துல நின்னு வாளி வாளியாக் கலக்கினது நான். அது மூணு பேருக்கும் உள்ளது. அதுல என் பங்கை நான் எடுத்துக்கிறேன். ஆனா இந்தத் தடவை ஊத்தினது உன்னோடது மட்டும். அதுக்கு நான் பங்குக்கு வரமாட்டேன்."

அவன் தலையை ஆட்டினான். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். டாக்டரம்மாவிடம் நீயே சொல்லிவிடு என்று அவள் எழுந்து போய்விட்டாள். அவன் அங்கே நின்றபடியே போன் செய்து சொன்னான்.

டாக்டரம்மா மறுநாள் வந்தபோது வழக்கமான சிரிப்பு இல்லை. ஆய்வக முடிவு வரும்வரை எதையும் ஊற்றாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். முடிவு வந்தது. மேற்குக் கோழிகளில் இருந்த கிருமி, கம்பவுண்டர் ஊற்றிய மருந்துக்குக் கொஞ்சமும் மசியாதது. அது கட்டுப்படுகிற மருந்துகள் ஒன்றிரண்டுதான் இருந்தன. அதில் ஒன்றை எடுத்து, எத்தனை நாள், எவ்வளவு என்று சொல்லி, முடிந்த பிறகு எத்தனை நாள் கழித்துத்தான் கோழியை விற்கலாம் என்பதையும் இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தார். கம்பவுண்டர் அதை எதிர்ப்பேச்சில்லாமல் அப்படியே செய்தான். செத்தவை போக மிச்சம் தேறின. கிழக்குக் கொட்டகைக் கோழிகள் எந்த மருந்தும் பார்க்காமலே லாரி ஏறின. எடை கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. அண்ணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொட்டகைகள் காலியான பிறகு, ஒருநாள் கம்பவுண்டர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றான். ஓரகத்தி பதறிப்போய் உடம்புக்கு என்ன என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றான். அண்ணிக்குப் புரிந்தது. நானும் வருகிறேன் என்று கிளம்பினாள்.

அதே வராந்தா. அதே டாக்டர் வேறொரு நோயாளியைப் பார்த்துவிட்டு வந்தார். அவருக்கு இவர்களை உடனே அடையாளம் தெரியவில்லை. அண்ணி சொன்னதும் தெரிந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். கம்பவுண்டர் வழியில் யோசித்து வைத்ததையெல்லாம் விட்டுவிட்டு நேராகக் கேட்டான்.

"எங்கண்ணன் கால்ல இருந்த கிருமி எங்க கோழிகிட்டேருந்து வந்ததா டாக்டர்? நான் குடுத்த மருந்தாலதான் அது அப்படி ஆச்சா?"

டாக்டர் நடைபாதையில் ஒரு ஸ்ட்ரெச்சர் போவதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"தெரியாது," என்றார். "அங்கேருந்து வந்திருக்கலாம். மண்ணுலேருந்து வந்திருக்கலாம். இந்த ஆஸ்பத்திரிலயேகூட ஒட்டியிருக்கலாம். அன்னைக்கு நாங்க கோழியையும் சோதிச்சுப் பார்த்திருந்தா ஏதாவது சொல்ல முடிஞ்சிருக்கும். இனிமே யாராலயும் சொல்ல முடியாது. இல்லன்னு சொல்லி உங்களை அனுப்பிவைக்க எனக்கும் ஆசைதான். ஆனா அது பொய்யா இருந்தாலும் இருக்கும்."

கம்பவுண்டர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான், வேறு ஏதாவது வரும் என்பதுபோல. ஆமாம் என்று சொல்லியிருந்தால் தாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தான். இல்லை என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பான். இது இரண்டும் இல்லாத ஒன்று. அதை எந்தக் கையில் வாங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. கும்பிட்டுவிட்டுத் திரும்பினான்.

வெளியே வெயிலில் கண் கூசியது. இருவரும் வண்டி நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்தார்கள். வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் அப்படியே நின்றபோது அண்ணி பேசினாள். இனிமேல் இதை யாரிடமும் கேட்காதே என்றாள். கேட்டுக் கேட்டு ஒரு பதிலை வாங்கினாலும் அது நிஜமா என்று மறுநாள் தோன்றும். தெரியாது என்பதோடுதான் இருக்கவேண்டும்; நானும் அப்படித்தான் இருக்கிறேன் என்றாள். அவன் சரி என்றான். அவளுக்கு வாழ்க்கையில் அவன் சொன்ன எந்தச் சரியைவிடவும் அது கனமாகக் கேட்டது.

அடுத்த பேட்ச் குஞ்சுகள் மழைக்காலத்தில் வந்தன. இந்தத் தடவை இரண்டு கொட்டகைக்கும் பொடி கரைத்தவன் கம்பவுண்டர். மேற்குக் குழாய்களை அவன் ஒற்றை ஆளாகக் கழற்றி, உள்ளே துணி சுற்றிய கம்பியை விட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து மாட்டியிருந்தான். வீட்டிலிருந்த பழைய மருந்து டப்பாக்களை டாக்டரம்மாவே எடுத்துப்போக, அலமாரித் தட்டு வெறுமனே இருந்தது. ஓரகத்தி அதில் துணி மடித்து வைத்தாள்.

ஒரு வாரம் விடாமல் மழை பெய்தது. கொட்டகையில் ஈரம் ஏறியது. ஒரு சாயங்காலம் கம்பவுண்டர் வீட்டு வாசலில் வந்து நின்று, அண்ணி, கொஞ்சம் மேற்குக் கொட்டகைக்கு வர்றீங்களா என்றான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு, கொட்டகை பூட்ஸை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். கோழிகளின் மூச்சைக் கேட்கவேண்டுமென்றால் விளக்கைக் குறைத்துவிட்டு அசையாமல் நிற்கவேண்டும். அவன் விளக்கைக் குறைத்தான். கொஞ்சம் கொஞ்சமாகக் கீச்சொலிகள் அடங்கின. மழை தகரத்தில் விழுகிற சத்தத்துக்கு நடுவே அங்கங்கே ஒரு தும்மல் கேட்டது. அவன் உடம்பு விறைத்தது அவளுக்கு இருட்டிலும் தெரிந்தது.

"இது சளிதான்," என்றாள். "கரகரப்பு இல்ல. கேளு."

அவன் கேட்டான். நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு சாரலுக்காகத் தொங்கவிட்டிருந்த பக்கத் திரைகளில் ஒன்றைக் காற்று வருமளவு சுருட்டிக் கட்டினான். ஈரமான உமியை ஓரமாக அள்ளிப்போட்டுப் புது உமி தூவினான். விடிந்ததும் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தான். அவர் வந்து, ராத்திரி செத்திருந்த இரண்டு குஞ்சுகளை அறுத்துப் பார்த்து, ஈரல் சுத்தமாக இருக்கிறது, மருந்து வேண்டாம், உலர்ந்த உமியும் காற்றும் போதும் என்றார். மழை விட்டதும் தும்மலும் விட்டது.

அந்தக் கோழிகள் லாரி ஏறிய காலையில், கூடைகளைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த கம்பவுண்டர் நடுவில் ஒருமுறை நிறுத்தி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு மேற்குக் கொட்டகையைப் பார்த்தான். அது நல்ல பேட்ச். மருந்தே இல்லாமல் நல்லதாக வந்ததுதான் அவனுக்கு வலித்தது என்பது அண்ணிக்குத் தெரிந்தது. அவள் அடுத்த கூடையைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். அவன் வாங்கி லாரியில் ஏற்றினான்.